அரைச் சுத்து

எங்கள் பேரூராட்சியில் அதிகாரம் யார் கையில் என்று வெளியூர்க்காரரைக் கேட்டால் தலைவர் என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் செயல் அலுவலர் என்பார். இடுப்பில் குடம் வைத்திருக்கும் எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில்: "தண்ணி விடுறவரு."

அலுவலகப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பதவிப் பெயர் இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காலை நாலரைக்கு ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் சத்தம் கேட்கும். வண்டியின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி கட்டியிருக்கும். மேல்முனையில் குறுக்குக் கைப்பிடி, கீழ்முனையில் சதுரப் பொந்து. அதுதான் வால்வு சாவி. அந்த நேரத்தில் தெருவில் வேறு யார் வந்தாலும் குதறத் தயாராக இருக்கும் நாய்கள், அவரைக் கண்டால் எழுந்து வழிவிடும்.

சாலையோரக் குழியின் சிமெண்ட் பலகையைக் காலால் தள்ளுவார். சாவியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார். பார்த்தால் தியானம் மாதிரி இருக்கும், எண்ணிக்கொண்டிருக்கிறார். மேட்டுத் தெருவுக்குப் பதினோரு சுத்து. பள்ளிவாசல் தெருவுக்கு ஏழு. அக்ரகாரத்துக்கு ஆறரை. காலனிக்கு ஒன்பது, ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்பதரை. அந்த அரைச் சுத்து எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "வெள்ளிக்கிழமை எல்லா வீட்லயும் தலைக்கு ஊத்துவாங்க சார்" என்றார். எந்தத் திட்ட அறிக்கையில் இதைப் போட்டிருக்கிறார்கள்?

பேரூராட்சிக் கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். நீள மேசை, விரித்த துணி, ஆளுக்கொரு தட்டில் மிக்சர், ஜிலேபி. இளநிலை உதவியாளர் பொருள் எண் ஒவ்வொன்றாக வாசிப்பார். தெருவிளக்குக்குப் பல்பு வாங்கிய செலவு, மன்றத்தின் பார்வைக்கு. கால்வாய் தூர் வாரிய செலவு, மன்றத்தின் அனுமதிக்கு. உறுப்பினர்கள் ஜிலேபி சாப்பிடும் வேகத்திலேயே தீர்மானங்களும் நிறைவேறும். பிறகு யாராவது ஒருவர் எழுந்து, "என் வார்டுக்கு நாலு நாளா தண்ணி வரல" என்பார். அப்போதுதான் கூட்டம் உண்மையில் தொடங்கும். தலைவர் செயல் அலுவலரைப் பார்ப்பார். செயல் அலுவலர் மேற்பார்வையாளரைப் பார்ப்பார். மேற்பார்வையாளர் வாசலைப் பார்ப்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நம் ஆள் நிற்பார்.

அவரிடம் மூன்று விடைகள் உண்டு. "மேடுங்க." "கரண்ட் இல்லீங்க." "ஏர்லாக்குங்க." எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும். உறுப்பினர் தன் வார்டு பள்ளத்தில்தானே இருக்கிறது என்று வாதாடினால், "பைப்பு மேட்டுல போவுதுங்க" என்பார். அதற்கு மேல் பேச யாரிடமும் சரக்கு இருக்காது. இப்போது உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. கவுன்சிலரின் கணவர் போனில் அதட்டினால் ஏர்லாக். கவுன்சிலரம்மாவே நேரில் கேட்டால் மட்டும் உண்மைக் காரணம் வரும். "அவங்க குடம் தூக்குனவங்க சார். அவங்ககிட்ட ஏர்லாக்கு செல்லாது."

செயல் அலுவலர்கள் மாற்றலாகிப் போவார்கள். தலைவர்கள் தோற்பார்கள். 2004-இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கினார்கள். 2006-இல் திரும்பப் பேரூராட்சி என்றார்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் அலுவலகப் பெயர்ப்பலகைக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தாயிற்று. சாவிக்குச் சதுரப் பொந்து அதேதான். பிறகு 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் ஊருக்குத் தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது அல்லவா?

இதே காலத்தில் நம் ஆள் ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து ஒன்பது நாள் படுத்தார். ஊர் சாலை மறியலுக்குப் போய்விட்டது.

ஊராட்சி முறை பற்றிப் பேச்செடுத்தால் உத்திரமேரூரைச் சொல்லாமல் நமக்கு விடிவதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி வாரியம் அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது. யார் யார் வாரியத்துக்குள் வரக்கூடாது என்று கல்லில் பத்தி பத்தியாக வெட்டியவர்கள், விடியற்காலையில் ஏரி மடையைத் திறந்தவனைப் பற்றி அதில் ஒரு வரியும் வைக்கவில்லை. நம் ஆளுக்கு இருப்பது வாடகை வீடு, நிலம் இல்லை, படிப்பு எட்டாம் வகுப்பு. அன்றைக்கும் வாசலில்தான் நின்றிருப்பார். அந்த உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அங்கேயும் காலையில் யாரோ ஒருவர் வால்வு திருப்பிக்கொண்டுதான் இருப்பார்.

படிப்பு எட்டாம் வகுப்பு என்றேனே, பூமிக்கு அடியில் இருக்கும் ஊரைப் படித்தவர் அவர் ஒருவர்தான். புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் குழாய் வரைபடம் கேட்டாராம். அலுவலகத்தில் இருந்ததைக் கரையான் மென்றுவிட்டது. நம் ஆளைக் கூப்பிட்டார்கள். "புளியமரத்துலேர்ந்து தெக்கால ஏழடி தோண்டுங்க சார்." எந்தப் புளியமரம்? "ரோடு அகலப்படுத்தறப்ப வெட்டிட்டாங்களே, அது." சொல்லிவிட்டு வெறும் தார் ரோட்டில் ஏழடி அளந்து நின்றார். தோண்டினார்கள். குழாய் இருந்தது.

அவருடைய நீதி பரிபாலனமும் தனி ரகம். குடிநீர்க் கட்டணம் கட்டாத வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஆணை வந்தால், முதல் நாள் சாயங்காலமே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். "அக்கா, நாளைக்குக் காலைல உங்க வீட்டுக் கனெக்‌ஷனைக் கட் பண்ண வரேன். பத்து மணிக்கு ஆபீஸ் தொறந்ததும் கட்டிடுங்க. நான் பதினொண்ணுக்குத்தான் வருவேன்." கல்யாண வீட்டுக்காரர்கள் முகூர்த்தநாள் குறித்ததும் பத்திரிகையோடு முதலில் போவது குலதெய்வம் கோயிலுக்கு, அடுத்து அவரிடம். சாவு வீட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முறை இல்லாத நாளானாலும் அந்தத் தெருவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வரும். எந்தத் தீர்மானத்தின்படி என்று தணிக்கைக்காரர் கேட்டால் செயல் அலுவலர் திணறத்தான் வேண்டும்.

கறார் எதில் என்றால் பிளீச்சிங் பவுடரில். தொட்டியில் கலந்துவிட்டு, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, ரெண்டு சொட்டு மருந்து விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சள் தட்ட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் அந்தக் கடைசிக் குழாய்வரை மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. மஞ்சள் தட்டாத அன்று அவருக்குக் காலை டிபன் இறங்காது. "தண்ணியில பினாயில் வாடை" என்று நாம் புகார் சொல்வதும் அவரிடம்தான்.

தினக்கூலியாகச் சேர்ந்தவர். நிரந்தரமாக்கச் சொல்லி மனு எழுதி, ஒவ்வொரு தலைவர் வரும்போதும் சால்வையோடு சேர்த்துக் கொடுக்கிறார். இதுவரை நாலு தலைவர். நாலு பேரும் "பார்த்துக்கலாம்" என்று சொன்னார்கள். நாலு பேர் வீட்டுத் தெருவுக்கும் அவர் ஒரு சுத்துகூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இது பெருந்தன்மையா, சலிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்டால் ஏர்லாக்குங்க என்றாலும் சொல்வார்.

குறைப்பது ஒரே விஷயத்துக்குத்தான். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள். யார் வீடு என்று அவருக்குக் காது சொல்லிவிடும். புகார் எழுத மாட்டார், சண்டைக்குப் போக மாட்டார். அந்தத் தெரு வால்வில் ஓசைப்படாமல் இரண்டு சுத்து குறையும். மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மீதியை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டுக் குழாயிலும் மோட்டார் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.