மலைவீட்டு முதலாளி

மெட்ராஸ் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்கார ஆளுநர்கள் ஊட்டிக்கு ஏறினார்கள். 1870 முதல் அதுவே மாகாணத்தின் கோடைத் தலைநகர். சமையல்காரர், தோட்டக்காரர், குதிரைக்காரர் என்று கூடவே ஒரு பட்டாளமும் ஏறியது. இன்று கொடைக்கானலில் வீடு வாங்கிப் போட்டிருப்பவர் வருஷத்தில் ஒரு வாரம் தனியாகப் போய், அந்தப் பட்டாளத்தின் வேலை முழுவதையும் ஒண்டி ஆளாகப் பார்க்கிறார். இதற்குப் பெயர் ஓய்வு.

பூட்டியே கிடந்த வீட்டில் பூசணம் மெத்தை முதல் அலமாரி வரை குடியேறியிருக்கும். வாடகை கேட்க முடியாது. கூரை ஓடுகளைக் குரங்குகள் புரட்டியிருக்கும். ஏறி அடுக்கிவிட்டு இறங்குவதற்குள் மறுபக்கம் வேலை தொடங்கிவிடும். வேலியைக் காட்டுமாடு சாய்த்திருக்கும். ஆயிரம் கிலோ வரை வளரும் பிராணியிடம் பட்டாவைக் காட்டி வாதாட யாருக்குத் தைரியம்? மோட்டார் ஓடினால் குழாயில் ஒழுகும். ஒழுக்கை அடைத்தால் கரண்ட் போய்விடும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் வேண்டும். குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பனிமூட்டமும் டீ கிளாஸும் மட்டுமே தெரியும். கீழே ஒரே சொல்: ‘சொர்க்கம்’. மறுநிமிஷமே மச்சினரிடமிருந்து போன் வரும்: “அடுத்த மாசம் சாவி கிடைக்குமா மாப்ளே?”

தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே துடைப்பத்தையும்.