கான்டெஸாக்காரர்

மோகனூர்ப் பக்கம் ஒருவர் புதிதாக வண்டி வாங்கினால் ஊர் முதலில் கேட்பது விலையை அல்ல. "எத்தனை டன்னுங்?" என்றுதான் கேட்கும். நியாயமான கேள்விதான். நாமக்கல் வட்டாரத்தில் வண்டி என்று ஒன்று பிறந்துவிட்டால் அது எதையாவது சுமந்தே தீர வேண்டும். முட்டை, கோழித் தீவனம், கேஸ், கரும்பு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியாகி வடக்கே போய்ப் பூமியைத் துளைக்க வேண்டும். சம்பாதிக்காத வண்டியைப் பற்றி இங்கே பேச்சு உண்டு, அதற்கு மரியாதை கிடையாது.

இந்த மண்ணில்தான் நம்மவர் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஹிந்துஸ்தான் கான்டெஸாவைப் பாதி வழி ஓட்டியும் மீதி வழி கட்டி இழுத்தும் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார்.

பெயர் வேண்டாம். இவர் ஒற்றை ஆள் அல்ல, ஒரு ரகம். நாமக்கல்லில் ஒருவர், பரமத்தியில் ஒருவர், ஆற்றுக்கு அக்கரை வாங்கலில் ஒருவர் என்று ஊருக்கு ஒருவராவது இருப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இரண்டு லாரியோ ஒரு கோழிப்பண்ணையோ இருக்கும். மகன் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிப்பான். பேங்க் கடன் ஏறக்குறைய அடைந்திருக்கும். கடன் அடைந்த மனிதருக்கு இந்தப் பக்கம் இரண்டு வியாதிதான் வரும். ஒன்று சர்க்கரை, இன்னொன்று பழைய கார்.

கான்டெஸாவை அவர் "ஸ்போர்ட்ஸ் கார்" என்பார். மறுத்துப் பேசினால் அன்றைய பொழுது போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவு, இரண்டு சீட் என்று உலகம் நினைக்கிறது. அப்படிப் பார்த்தால் 1990களின் கடைசியில் சான் கம்பெனி ஃபைபர் பாடியில் செய்த ஸ்டார்ம் போன்ற ஒன்றிரண்டுதான் நம் நாட்டுக் கணக்கில் சேரும். நம்மவரின் கணக்கு வேறு. பானெட் நீளமாக இருக்க வேண்டும், பின்சக்கரம் தள்ள வேண்டும், ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து நிற்க வேண்டும். மூன்றும் இருந்தால் அது ஸ்போர்ட்ஸ் கார். நாலு கதவு இருப்பது சொந்தபந்தத்துக்காக.

காரின் ஜாதகத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1970களில் ஓட்டி ஓய்ந்துபோன மாடல்; அந்த அச்சை வாங்கி 1984இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் அவ்வளவு பெரிய உடம்புக்கு அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜினைப் போட்டார்கள். சுமார் 50 குதிரைத் திறன். மேடு வந்தால் குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அப்புறம்தான் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. 2002இல் கதை முடிந்தது. "நம்முளுது ஒன் பாயின்ட் எய்ட்டுங்" என்று சொல்லும்போது மட்டும் நம்மவரின் குரல் ஒரு சுருதி இறங்கும்.

ஆசைக்குக் காரணம் உண்டு. 1990களில் மில் முதலாளியும் மந்திரியும் சினிமா வில்லனும் இறங்கிய கார் இது. ஜெயலலிதாவின் வேட்புமனுச் சொத்துப் பட்டியலில்கூட ஒரு கான்டெஸா கடைசிவரை இருந்தது. அந்தக் காலத்தில் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடிக் கரும்பு உருவிய டவுசர் பையன், புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன அந்தக் காரைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறான். பையன் இப்போது காசோடு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

விற்ற புரோக்கர், "ஒரே ஓனருங், டாக்டர் ஓட்டுன வண்டிங்" என்று சொல்லித்தான் கொடுத்தார். தமிழ்நாட்டில் கைமாறும் பழைய கார்களில் பெரும்பாலானவை டாக்டர் ஓட்டியவையே. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த டாக்டர்களுக்கு வைத்தியம் பார்க்க நேரமே இருந்திருக்காது.

அடுத்தது நாமக்கல் படலம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு அங்கே பஞ்சமில்லை. தகரம் தட்டியே தலை நரைத்த டிங்கர் ஒருவர் காரைச் சுற்றி வருகிறார். ஒன்றும் பேசவில்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டுகிறார். "டங்" என்று வர வேண்டிய இடத்தில் "பொத்" என்று வருகிறது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் மேல் வைக்கிறார், ஒட்டுகிறது. ஒரு சாண் கீழே இறக்குகிறார், காந்தம் வழுக்கித் தரையில் விழுகிறது. இரும்பில் காந்தம் நிற்கும். துரு தின்ற ஓட்டையை அடைத்துப் பட்டி அப்பியிருந்தால் நிற்காது.

"அண்ணா, மேல பாதி காருங்" என்றார் டிங்கர். "கீழ பாதி பட்டிங்."

துரு எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே காட்டினார். கதவின் அடி விளிம்பில் மழைத்தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. வேப்பிலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், தகரம் உள்ளிருந்து அரிக்கும். நம்மவர் அன்று மாலையே வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு நாலு கதவையும் குத்த உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை வாசல் கூட்ட வந்த அம்மாவின் கையில் விளக்குமாற்றின் கட்டு மட்டும் இருந்தது.

கார் கழுவுவதற்கென்று அவர் ஒரு ஆகமமே வைத்திருக்கிறார். வெயிலில் கழுவக்கூடாது; சோப்பு காய்ந்து தடம் விழும். ஆகவே கட்டுத்தரையில் காருக்கு இடம் கிடைத்தது, மாடு வேப்பமரத்தடிக்குப் போனது. போர் தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் பெயின்ட்டில் வெள்ளை வட்டம் நிற்கும். ஆகவே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேன் கேனாகக் காவிரித் தண்ணீர் வந்தது. மோகனூரிலிருந்து சுற்றுவட்டாரக் கோயில்களுக்குத் தீர்த்தம் எடுத்துப் போவது வழக்கம் என்பதால், எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வழிவிட்டார்கள். நம்மவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கெட் இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசும் தண்ணீர். ஒரே பக்கெட்டில் முக்கினால் துணியில் ஒட்டிய மணலே திரும்பவும் பெயின்ட்டைக் கீறும். மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும். சக்கரம் கடைசியில், அதுவும் வேறு துணியால். லாரி துடைக்கும் பனியன் வேஸ்ட்டை யாராவது காருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் வீட்டில் அன்று சண்டை. துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து வந்த மருமகனுக்கு, அது மெழுகுப் பூச்சை எப்படி உரித்தெடுக்கும் என்று அரை மணி நேரம் பாடம் நடந்தது. பம்பர் பளபளக்கவில்லை என்று அம்மா விளக்குக்குப் போடும் புளியை எடுத்துக்கொண்டு வந்தபோதோ, அவர் இரண்டு கையையும் விரித்துக் காரின் குறுக்கே நின்றுவிட்டார்.

கழுவி முடித்ததும் பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பெயின்ட்டைத் தடவுவார். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்தது பைக்குள் நறநறவென்கிறது. தண்ணீரில் போகாத பிசிறுகள் அவை. அவற்றை எடுக்க இதற்கென்றே விற்கும் களிமண் கட்டியைச் சப்பையாகத் தட்டி, நுரைத் தண்ணீர் தெளித்து, மெல்லத் தேய்க்க வேண்டும்.

"என்ன சாமி அது?"

"களிமண்ணுங்கம்மா. கோயமுத்தூர்ல வாங்குனது."

"ஆத்தோரத்துல குடியிருந்துக்கிட்டுக் களிமண்ணக் காசு குடுத்து வாங்குன மொத ஆளு நீதாஞ் சாமி."

பாலிஷ் போட ஆரம்பித்தபோதுதான் பெரிய அதிர்ச்சி. வெள்ளைத் துணி சிவப்பாகிவிட்டது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பழைய பெயின்ட்டில் நிறமே மேல்தோல். வெயிலில் வெளுத்துச் செத்த தோல் பாலிஷோடு துணிக்கு வந்துவிடும், அடியில் நல்ல சிவப்பு இருக்கும். தண்ணீர்ச் சொம்போடு வந்த மனைவி துணியைப் பார்த்தார். "ஏனுங், தள்ளுபடியில எடுத்த சுங்கிடிச் சீலையாட்டம் சாயம் போகுதுங்களே. ஏமாத்திப் போட்டாங்களா?" நம்மவர் பெயின்ட் சாஸ்திரத்தை விளக்கினார். கடைசியில் அம்மணி கேட்டது ஒரு கேள்விதான்: "தேய்க்கத் தேய்க்கத் தீந்து போயிருமுங்களா?" உண்மையில் அதுதான் சரியான கேள்வி. அதிகம் தேய்த்தால் தகரம் பல்லிளிக்கும். அதற்கப்புறம் அவர் கை கொஞ்சம் மெதுவானது.

உள்ளே சீட்டைக் கழற்றினால் அது ஒரு தொல்லியல் துறை. 2011இல் செல்லாமல் போன 25 காசு, ஒரு ஹேர்பின், டேப் கேசட்டின் உறை, எலி கட்டிய பஞ்சு மாளிகை. டாக்டர் ஓட்டிய வண்டி என்பதற்கு ஒரே தடயம், காலியான தலைவலி மாத்திரை அட்டை. கார்ப்பெட்டைத் தூக்கியதும் ஈர வாசனை வந்தது. வெளியே எவ்வளவு மினுங்கினாலும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் தரை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாள் வெயிலில் காய்ந்த கார்ப்பெட்டின் மேல் அம்மா மிளகாய் காயப்போட்டார். இன்றைக்கும் ஏசி போட்டால் பின்சீட்டில் உட்கார்ந்தவர் தும்முவார்.

இன்ஜினைப் பட்டறைப் பையன் பிரஷர் பம்பால் அடிக்கப் போனான். நம்மவர் பாய்ந்து தடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் காயிலுக்கும் பாலித்தீன் கட்டிவிட்டுத் தூரிகையால்தான் கழுவ வேண்டும். உள்ளே தண்ணீர் போனால் வண்டி கல்லாகிவிடும். கறுத்த பிரேக் ஆயில் மாற்றப்பட்டது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை வருஷக்கணக்கில் குடித்துவைக்கும், அவசரத்தில் மிதிக்கும்போது கைவிடும். டயரில் பட்டன் நன்றாக இருந்தது. ஆனால் மகன் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைப் படித்தான்: 2209. அதாவது 2009ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம். "அப்பா, இந்த டயரு எனக்குத் தம்பி முறைங்ப்பா." ஐந்து டயரும் மாறின.

பெட்ரோல் குழாய் கதைதான் உச்சம். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. குழாய் ஊறும், வெடிக்கும், கசியும். எத்தனால் கரும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதோ மோகனூரிலேயே. சீசனில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அவர் வாசலைத் தாண்டித்தான் போகும். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். இங்கே கரும்பு இவருடைய குழாயைத் தின்கிறது, கூலியும் இவரே கொடுக்கிறார்.

பெயின்ட் வேலை முடிந்த நாளில் லாரி பெயின்டர் தூரிகையோடு தயாராக நின்றார். "பின்னால என்னங் எழுதறது? நாவலடியான் துணையா, பொண்ணு பேருங்களா?"

"ஒண்ணும் எழுதக்கூடாது."

பெயின்டர் திகைத்துப்போனார். "பேரில்லாத வண்டி தொலஞ்சா எப்படீங் தேடறது?"

நாவலடி கருப்பண்ணசாமி கோயிலில் பூஜை. பூசாரி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பானெட்டை நெருங்கியபோது நம்மவர் மெல்லச் சொன்னார்: "சாமி, பொட்டக் கண்ணாடி மேல வெச்சுருங். பெயின்ட்டு மேல வேண்டாமுங், கறை நிக்கும்." பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "கருப்பனுக்கே கண்டிஷனுங்களா?" எலுமிச்சம்பழம் நசுங்கியதும் டயரில் தெறித்த சாற்றைத் துடைக்க அவர் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்ததைக் கருப்பனும் பார்த்திருப்பார்.

இத்தனைக்கும் பிறகு கார் எங்கே போகிறது? ஞாயிற்றுக்கிழமை விடியலில் காவிரிப் பாலம் ஏறி வாங்கல், அங்கே ஒரு டீ, திரும்பி மோகனூர். அப்புறம் பகல் முழுக்கத் துடைப்பு. பந்தயக்காரர் கரிவரதன் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம். லட்சியத்துக்கு நடுவே காங்கேயம் ரோட்டுத் தூசி இருக்கிறது. மானத்தில் ஒரு கைப்பிடி மேகம் தெரிந்தாலும் பயணம் ரத்து.

லாரி வைத்திருக்கும் மாமன் வந்து பார்த்தார். "ஏனுங் மாப்ள, இந்தக் காசுக்கு ஒரு பழைய டாரஸுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கலாமுங்களே." பதில் இல்லை. அரசாங்கமும் மாமன் கட்சிதான். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆனது; 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. நம்மவர் கட்டிவிட்டு வந்து, ஆர்.சி. புக்குக்குப் புது பிளாஸ்டிக் உறை போட்டார்.

ஊர் அவரைப் பைத்தியம் என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாரியோ கோழியோ, வாழ்நாளெல்லாம் அவர் தொட்டதெல்லாம் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று பார்த்துத் தொட்டவை. ஒரு பொருளிடம் ஒன்றும் கேட்காமல் அதற்கு வேலை செய்யக் கற்றுக்கொண்டது இந்தக் காரிடம்தான். அந்த வகையில் அவர் வட்டாரத்திலேயே தெளிவான ஆள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் "என்ன மைலேஜ் குடுக்குது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உறவே முறிந்துபோகும். "இந்தப் பாலிஷ் எங்கீங்ணா வாங்குனது?" என்று கேளுங்கள். நாற்காலி வரும், டீ வரும், முறுக்கும் வரும். சாயங்காலம் வேறு வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.