பேனருக்கு வராத பிள்ளைகள்

கேள்வி: மகளை மதுரைப் பக்கம் தனியார் கல்லூரியில் இன்ஜினீயரிங் சேர்க்க வேண்டும். கடன் வாங்கினால் தேறுமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: ரிங்ரோடு பேனரில் சிரிக்கும் பிள்ளையின் சம்பளத்தை விடுங்கள், பேனருக்கு வராதவர்கள்தான் உங்கள் கணக்கு. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரத்தில், சம்பள வரிசையில் நட்டநடுவே நிற்பவர் வாங்குவது இருக்கும். (அதுவும் கல்லூரி எழுதிக் கொடுப்பதுதான்!) கட்டணத்தையும் பிரிவு பார்த்துக் கேளுங்கள்: தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கேட் ஒன்றுதான், அரசு உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு வேறு. கல்விக்கடன் 7.5 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்க மாட்டார்கள். தவணை, படிப்பு முடிந்த பிறகு. வட்டிக்கோ செமஸ்டர் லீவுகூடக் கிடையாது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணம் அரசு பொறுப்பு. பேங்க் வாசலை மிதிக்காதீர்கள்.