வாசலில் இரண்டு பலகை

எழுத்துக் கணக்கில்தான் கூலி என்றார் கிரானைட்டில் எழுத்து வெட்டுபவர். "புள்ளி வச்ச எழுத்துக்கும் அதே ரேட்டா?" என்று கேட்டேன். "புள்ளி வைக்கிறதுதான் சார் கஷ்டம். கொஞ்சம் அசந்தா கல்லு தெறிச்சிரும்" என்றார். அன்று ராத்திரி நானும் என் மனைவியும் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு சின்ன வசனமாகத் தேடினோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அத்தனை ஊக்கமாக வேதம் வாசித்தது அந்த ஒரு நாள்தான்.

யோவான் 11ஆம் அதிகாரத்தில் மூன்றே சொல்லில் ஒரு வசனம் இருக்கிறது. லாசருவின் சாவுக்கு இயேசு அழுததைச் சொல்வது. பட்ஜெட்டுக்கு அடங்கும். "புது வீட்டு வாசல்ல அழுகை எதுக்கு?" என்று மனைவி ஒதுக்கிவிட்டாள். கடைசியில் மத்தேயு 11க்குப் போய்ச் சேர்ந்தோம். சுமை தூக்கிக் களைத்தவர்களைத் தம்மிடம் வரச்சொல்லி, இளைப்பாறுதல் தருவதாக ஆண்டவர் அழைக்கும் வசனம். நீளம்தான். ஆனால் கறுப்புக் கல்லில் தங்க நிறம் பூசியபோது, தெருமுனையில் திரும்பும் ஆட்டோவுக்கே தெரிந்தது. செலவு வீண்போகவில்லை.

இது இன்றைய திருச்சி கே.கே. நகர். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா இங்கே மனை வாங்கியபோது, "அங்கெல்லாம் மனுசன் போவானா?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கருவேலங்காடு, செம்மண் தடம், தலைக்குமேல் விமானம். குடும்ப ஜெபத்தில் அப்பா உருகிக்கொண்டிருக்கும்போது விமானம் கடக்கும். அப்பா நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஆண்டவர் அதுவரை காத்திருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக, டவுன் வரைக்கும் சைக்கிள். சுப்பிரமணியபுரம், டிவிஎஸ் டோல்கேட் தாண்டி அப்பா மிதிப்பார். முன்னால் பாரில் நான், பின்னால் அப்பாயி. எங்கள் கோயிலின் பெயர் வேண்டாம். டவுனில் பழைய கோயில்களுக்குக் குறைவில்லை. பாதிரியாரை நாங்கள் 'ஐயர்' என்போம். ஸ்ரீரங்கத்திலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்த மாமிக்கு இது ரொம்ப நாள் பிடிபடவில்லை. "எங்காத்துக்கு வர்ற வாத்தியாரே ஐயங்கார். உங்காத்துக்கு ஐயரா வரார்?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கலாமா என்று யோசித்தார்.

அன்று எங்கள் வீட்டு வாசலில் வசனம் கிடையாது. கேட்டே கிடையாது, முள்படல்தான். கிறிஸ்தவ வீடு என்பதற்கு வெளி அடையாளம் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் காகித நட்சத்திரம் ஒன்று. அதுவும் கரண்ட் இருந்தால்.

உள்ளே ஓர் அடையாளம் இருந்தது. அடுப்படி மூலையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உலை வைக்கும்போதெல்லாம் அப்பாயி உழக்கால் அரிசி அளந்து போடுவாள். போட்டதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பாட்டிலில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. காணிக்கைக்கு என்று கூடுதலாக அளக்க மாட்டாள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் சோற்றில் ஒரு பிடி குறையும். அந்தப் பிடி எப்போதும் அவள் தட்டில்தான் குறையும். இதை நான் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆயிற்று. வாரக் கடைசியில் பாட்டிலை நான் தூக்கிப் போவேன். உபதேசியார் ஒரு நீளவாட்டு நோட்டில் பெயருக்கு நேரே அளவு எழுதிக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் சரிந்து கொத்தனார் ஒருவருக்குக் கால் முறிந்தது. அவர் மனைவி அதே இடத்தில் சித்தாள். வேலை நின்றது. அந்த வாரம் ஹார்லிக்ஸ் பாட்டில் கோயிலுக்குப் போகவில்லை. முள்படலைத் தாண்டி அவர்கள் கொட்டகைக்குப் போனது. தொடர்ந்து ஆறு வாரம்.

உபதேசியார் கேட்டார்: "பாட்டியம்மா, இந்த வாரமும் இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

அவர் முட்டை போட்டார். நானே பார்த்தேன், நன்றாக உருட்டி, ஆறு முட்டை. அசனப் பண்டிகை அன்று காணிக்கை தவறாதவர்களின் பெயரை வாசித்தபோது அப்பாயி பெயர் இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியம்மா, கர்த்தருக்கென்று எடுத்ததை வீட்டிலேயே பொங்கிவிடுகிற காலமாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "ஏன் சொல்லல? நீ ஏன் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"சொன்னா அரிசிக்குக் கூலி வாங்கின மாதிரிடா" என்றாள்.

மத்தேயு 6இல் இயேசு சொன்னதன் சாரமே அதுதான். அவளுக்கு அதிகார எண் தெரியாது. எனக்குத் தெரியும்; ஞாயிறு பள்ளித் தேர்வில் அதற்குப் பரிசாக எவர்சில்வர் கிண்ணம் வாங்கியவன் நான்.

அந்த ஞாயிறு பள்ளியில் அடிக்கடி சொல்லப்பட்டவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மனியில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் கால் வைத்து, 1762இல் திருச்சிக்கு வந்தவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766இல் அவர் காலத்தில் எழுந்தது. திருச்சியில் அவர் வசித்தது ஒரு பழைய கட்டடத்தின் சிறு அறை. கட்டில் போட்டால் ஆள் நிற்க இடம் இருக்காதாம். சோறும் காய்கறியும் சாப்பாடு. சாயம் போட்ட கறுப்புத் துணி உடுப்பு. 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப நினைத்தபோது, அவர்களில் எவரையும் நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியார் வந்தால் பேசலாம் என்றார். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த முந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதல் போட்டார். அடுத்த வருஷமே போர் வந்தது. ஊர் ஊராக எரிந்த அந்தப் போரிலும் அந்தப் பாதிரியாரை மட்டும் தொடாமல் விடும்படி ஹைதர் தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார்.

கம்பெனிக்காரர்களும் ஞாயிறு தவறாமல் தொழுதவர்கள்தான். ஹைதர் அலி யாருடைய தொழுகையையும் எண்ணவில்லை. சொன்ன சொல் நிற்குமா என்று மட்டும் பார்த்தார். ஒருவர் தேறினார்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், அந்தக் காலம் பொன், இந்தக் காலம் மண் என்று முடித்துவிடலாம். எனக்கும் வசதி. ஆனால் நடந்தது அப்படி இல்லை. சுவார்ட்ஸ் கட்டிய சபைகளிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். சாதி வழக்கத்தைச் சபை கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் பெரிய கொந்தளிப்பு. சுவார்ட்ஸ் கையில் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே பழைய வழக்கத்துக்காக வாதாடியவர். நாங்கள் சைக்கிளில் கடந்துபோகும் மேலப்புதூர்ப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பி, செத்தவர்களையும் சாதி பிரித்து வைத்திருந்தார்கள். உயிர்த்தெழும் நாளில் யார் எந்தப் பக்கம் எழுவது என்பதில் குழப்பம் வரக்கூடாது என்று நினைத்தார்கள் போலும்.

அப்பாயியையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சித்தாள் அம்மாவுக்கு ஆறு வாரம் அரிசி கொடுத்தவள்தான். ஆனால் தண்ணீர் கொடுத்த டம்ளர் கொல்லைப்புறத்து மாடத்தில் தனியாக இருந்தது. வேறு யாரும் அதில் குடித்துப் பார்த்ததில்லை. பசி என்றால் தன் தட்டில் குறைத்துக்கொள்ளத் தெரிந்த பக்தி, அந்த மாடம் வரைக்கும் எட்டவில்லை.

இன்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் இல்லை. மாடமே இல்லை. பக்தி மட்டும் நாலா பக்கமும் தெரிகிறது. கார்க் கண்ணாடியில் ஸ்டிக்கர், ஹாலில் வசனக் கடிகாரம், செல்போனில் துதிப்பாட்டு ரிங்டோன். காலை ஐந்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைய வசனம் வரும். குழுவில் நாற்பத்துமூன்று பேர். ஐந்தரைக்குள் நாற்பத்திரண்டு ஆமென் விழுந்துவிடும். ஆமென் போடாத ஒருவன் என் சித்தப்பா மகன். மற்றவர்கள் சேர்ந்து பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருப்பது அவன்மேல்தான்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வார்த்தை அது. போன முறை என் மனைவிக்கு உபத்திரவத்தைப் பற்றிய வசனம் வந்தது. யாரும் பார்க்காத நேரம் தட்டில் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுத்தாள். ஆசீர்வாதம் வந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. நான் எடுத்தது மூன்றாவது அட்டை.

பையனுக்கு வரன் பார்க்கிறோம். திருமணத் தகவல் பக்கங்களைப் படித்தால் விசுவாசம் பெருகுகிறது. இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, மறுபிறப்பின் அனுபவமுள்ள மணமகள் தேவை என்று இருக்கும். அடுத்த வரியில் சாதி, அதற்கடுத்து உட்பிரிவு. மறுபடியும் பிறந்தவர்கள்தான். ஆனால் தவறாமல் அதே சாதியில் மறுபடியும் பிறந்தவர்கள். எங்கள் விளம்பரத்தையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். அங்கே எழுத்துக் கணக்கு இல்லை, வரிக் கணக்கு. உட்பிரிவை விட மனம் வராமல், "தாழ்மையுள்ள குடும்பம்" என்ற வரியை எடுத்துவிட்டோம்.

இனி இரண்டாவது பலகை. கிரானைட் பதித்த சில நாளிலேயே ஆட்கள் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். உதவி கேட்டு வந்தவர், மருந்துச் சீட்டோடு வந்தவர், வசனத்தைப் பார்த்துத்தான் வந்ததாகவே சொன்ன ஒரு பாட்டி. மனைவி யோசித்து, உழவர் சந்தைக்குப் போன வழியில் ஒரு தகரப் பலகை வாங்கி வந்தாள். வசனத்துக்கு நேர் கீழே இடம் இருந்தது. மாட்டினோம். 'நாய்கள் ஜாக்கிரதை.' அதன்பின் மணி அவ்வளவாக அடிப்பதில்லை.

போன மாதம் சிலிண்டர் போடும் தம்பி வந்தார். சித்திரை வெயில். முப்பது கிலோ தோளில். கேட்டுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே வசனத்தை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். அப்புறம் கீழே படித்தார்.

"சார், மேல வரச் சொல்லிருக்கு. கீழ வராதேன்னு இருக்கு. நான் எதைக் கேக்கட்டும்?"

சிரித்து வைத்தேன். "அங்கேயே வச்சிட்டுப் போகச் சொல்லுங்க, தரை இப்பத்தான் தொடைச்சுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துப்போய், கேட்டைத் திறக்காமல், மேலாகவே நீட்டினேன். குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பரவால்ல, நீங்களே வச்சுக்குங்க" என்றேன், பெருந்தன்மையாக. அப்பாயி டம்ளரைக் கழுவி மாடத்தில் கவிழ்க்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலையும் இல்லை.

போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நாய் எங்க சார்? சத்தமே காணோம்?"

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பலகை மட்டும்தான்.