பரியாசிரியர் இலக்கணம்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரின் தராதரத்தை வகுத்துரைக்கப் புகுந்தவிடத்து, அன்னத்தையும் பசுவையும் தலைவரிசையில் நிறுத்தி, கிளிக்கு நடுவிடம் தந்து, ஆட்டையும் எருமையையும் கடைவரிசைக்குத் தள்ளினாரேயன்றி, அவர் காலத்துத் தென்னாட்டரசர் பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே வருவித்துக்கொண்டிருந்த குதிரையைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் சொல்லாது விட்டார். அறிஞர் கண்ணில் படாது நெடுங்காலம் கிடந்த இவ்விடுபாட்டை ஆராயப் புகுந்த யாம் கண்ட முடிபு இது: குதிரை அப்பட்டியலில் இடம்பெறாமைக்குக் காரணம் முனிவரின் மறதியன்று, அது மாணாக்கர் இனத்தைச் சேர்ந்ததன்று, ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தது என்பதே. குதிரையேற்றப் பள்ளிகளில் ஜனங்கள் அடையும் இன்ப துன்பங்கள் யாவும் இச்சித்தாந்தத்தை அறிந்தமையாலும் அறியாமையாலும் விளைவன என்று நிறுவுதலே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமை சொல்வது மரபு. பதினைந்து இருபது பிராயமும், எண்ணிறந்த மாணாக்கரைச் சுமந்து சற்றே தாழ்ந்த முதுகும் உடைய பள்ளிக்குதிரை ஒன்று, தன் வாயையே கைப்பிடியாகக் கொண்டு லகானில் தொங்குபவனையும் பொறுத்து நிற்பதைக் கண்டோர், நிலத்தின் பொறைக்கு வேறு திருஷ்டாந்தம் தேடார். மலையின் அசைவின்மையோ, ‘நட’ என்று மாணாக்கன் ஆக்ஞாபித்த கணமே பிரத்தியட்சமாகும். நிறைகோலின் இயல்பைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். தோலின்மேல் ஓர் ஈ அமர்ந்தாலும் உணர்ந்து அவ்விடத்தை மட்டும் சிலிர்த்து உதறவல்ல ஒரு பிராணிக்கு, தன்மேல் இருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும், இடத்தொடையைவிட வலத்தொடையில் அதிகம் சாய்ந்திருப்பதும், முழங்கால்களால் தன்னை நெருக்கிப் பிடித்தபடியே வாயால் மட்டும் ‘எனக்குப் பயமில்லை’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் விளங்காமற்போகும் என்று எண்ணுதல் அறிவுடைமையாகாது. மலரின் குணத்தை லாயத்தில் நிறுவுவது மட்டும் சற்றுச் சிரமமாதலின் அதனை வற்புறுத்தாது விடுகிறோம்.

இதற்குச் சாஸ்திர சம்மதமான பிரமாணமும் உண்டு. வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்னும் முன்னாள் உபாத்தியாயர் பெர்லின் நகரில் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கேட்ட கணக்குகளுக்கெல்லாம் குளம்பால் தட்டி விடை சொல்லிற்று. 1904இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் வஞ்சகம் ஏதுமில்லை என்று சான்று பகர்ந்தது. பின்னர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையோடு சோதித்து, கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் அது தெரியாமற்போவதையும், தட்டல் உரிய எண்ணிக்கையை எட்டியதும் கேட்பவர் தம்மையறியாமலே தலையை இம்மியளவு அசைப்பதைக் கண்டே அது நிறுத்துவதையும் கண்டுபிடித்து, 1907இல் நூலாக வெளியிட்டார். ஹான்ஸின் கீர்த்தி அத்துடன் குன்றியது என்பர் சிலர், யாம் உடன்படோம். கணக்கறிந்தவர் உலகில் கோடிக்கணக்கானோர் உளர். எதிரே நிற்பவரின் தலை மயிரிழையளவு அசைவதைக் கொண்டே அவர் நெஞ்சில் உள்ளதைக் கூறவல்லவர், அன்று அக்குதிரையைச் சோதிக்க வந்த குழுவிலும் ஒருவரில்லை.

இத்தகைய பரீட்சாதிகாரியின் முன்னே நம் மாணாக்கன் சென்று நிற்கிறான். முதல் வினா அவன் ஏறுமுன்பே தொடங்கிவிடும். சேணத்தின் வாரை இறுக்கும்பொழுது அனுபவமுள்ள குதிரை தன் வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும், சிறிது நேரம் கழித்து மூச்சை விடும், வார் தளரும். ஏறுமுன் மறுமுறையும் இறுக்கவேண்டும் என்பதை அறியாதவன், இடப்பக்கத்து அங்கவடியில் காலை வைத்து எம்பியதும், சேணம் குதிரையின் முதுகைவிட்டு விலாவை நோக்கிச் செல்வதையும், அதனோடு தானும் செல்வதையும் காண்பான். இரண்டாம் வினா புல்லைப் பற்றியது. பயிற்சிக் களத்தின் ஓரத்தில் நான்கு புல் முளைத்திருப்பின், குதிரை யாதொரு முன்னறிவிப்புமின்றித் தலையைத் தாழ்த்தும். லகானை விடாது பற்றியிருந்த மாணாக்கன் குதிரையின் கழுத்தின்மேல் சாஷ்டாங்கமாக வீழ்ந்து, தன் குருவுக்குரிய முதல் நமஸ்காரத்தைச் செய்து முடிப்பான்.

நடை பற்றிய வினாவே இவையனைத்திலும் கடியது. குதிரை குறுக்காக இவ்விரண்டு கால்களை ஒருங்கே ஊன்றி ஓட்டநடை போடும்பொழுது, மேலிருப்பவன் அந்த இரட்டைத் தட்டுக்கு இசைய ஒரு தட்டில் எழுந்தும் மறுதட்டில் அமர்ந்தும் செல்லவேண்டும் என்பது விதி. சங்கீத வித்துவான்கள் எடுப்பினைச் சமம், அதீதம், அநாகதம் என மூவகைப்படுத்துவர். புதிய மாணாக்கனோ சமம் ஒழிந்த ஏனை இரண்டிலுமே நிலைபெறுகிறான். சேணம் மேலே வரும்பொழுது அவன் கீழே வருகிறான். மறுநாட்காலை அவன் நின்றுகொண்டே காப்பி அருந்துவதன் காரணத்தை வீட்டார் கேட்பதில்லை. கேட்டாலும் அவன் சொல்வதில்லை.

நம் முன்னோர் குதிரைக்கு ஐந்து கதிகள் வகுத்தனர். அவர்கள் கூறாதுவிட்ட ஆறாவது கதி ஒன்றுண்டு. அதற்கு லாயகதி என்று பெயரிடுகிறோம். குதிகாலாலும் கெஞ்சலாலும் ஒரு மணி நேரம் தூண்டியும் வேகம் கொள்ளாத குதிரை, பாடம் முடிந்து தன் தொட்டியில் கொள்ளு விழும் ஓசை கேட்டதும் மேற்கொள்வது அது. அவ்வேளையில் தன் திறமையாலேயே குதிரை பறக்கிறது என மாணாக்கன் கொள்ளும் ஆனந்தம், இப்பள்ளிகளில் கிடைக்கும் நல்லனுபவங்களுள் மலிவானது. அதனைக் கெடுக்க யாம் விரும்பவில்லை.

குதிரை மூலநூலாயின், களத்தின் நடுவில் நின்று கூவும் மனித ஆசிரியர் உரைகாரரேயாவார். மூலம் ஒன்றே ஆயினும் உரைகள் பேதப்படுமன்றோ? ஆசிரியராகத் தகாதோருக்கு நன்னூலார் நான்கு உவமைகள் கூறினார். அவற்றுள் கழற்காய் பெய்த குடத்தைப் போன்றவர் யாண்டும் உளர்: ‘குதிகாலைத் தாழ்த்து, பார்வையை உயர்த்து, முழங்கையை ஒடுக்கு, தோளைத் தளர்த்து, மூச்சை விடு’ என்று குதிரை ஒரு மூலையைத் திரும்புவதற்குள் சொல்லித் தீர்ப்பவர். முடத்தெங்கு போன்றவர், தம் மாணாக்கன் வேலியோரம் செயலற்று நிற்கக் கைப்பேசியில் யாரோ ஓர் அன்பருக்குக் குதிரை வாங்கும் நுட்பங்களை உபதேசித்துக்கொண்டிருப்பார். மடற்பனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவரை அணுகியவரே அரியர்.

ஆனால், சிறிது சிறிதாகவே ஈயும் பருத்திக் குண்டிகையை முனிவர் இகழ்ந்தது ஏனைக் கல்விகளுக்குப் பொருந்துமேயன்றி இக்கல்விக்குப் பொருந்தாது. வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியைப் பாருங்கள். ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி கட்டுவித்து 1735இல் நிறைவெய்திய மண்டபத்தில் இன்றும் நடைபெறும் அப்பள்ளியில், புதிதாகச் சேர்ந்தவன் லகானுமின்றி அங்கவடியுமின்றி, ஆசிரியர் பிடித்த நீண்ட கயிற்றின் மறுமுனையில் வட்டமிடும் குதிரையின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கப் பல மாதங்கள் கற்கிறான். அமரத் தெரிந்தபிறகே ஏனையவை. அதனினும் நம் சித்தாந்தத்துக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு: அங்கே இளைய வீரர்க்குப் பாடம் சொல்வன தேர்ச்சிபெற்ற முதிய வெண்குதிரைகளே, இளங்குதிரைகளைப் பழக்குவோரே தேர்ந்த வீரர்கள். யாம் இக்கட்டுரையில் வருந்தி நிறுவ முயல்வதை அவர்கள் நெடுங்காலமாகக் கால அட்டவணையில் எழுதி வைத்திருக்கின்றனர்.

இதற்கு மாறான சம்பிரதாயமும் இருந்தது. நேப்பிள்ஸ் நகரத்து ஃபெடரிகோ கிரிசோனே 1550இல் வெளியிட்ட நூல், அடங்காத குதிரைக்கு அடியையும் அதட்டலையும் கொடிய கடிவாளங்களையும் மருந்தாக விதித்து ஐரோப்பாவெங்கும் பரவியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதின்மூன்றாம் லூயி மன்னனுக்குக் குதிரையேற்றம் பயிற்றிய ப்ளுவினெல், இத்தாலியிலேயே கற்றவராயினும், தண்டத்தைக் குறைத்துத் தட்டிக்கொடுத்தலை மிகுத்தார். இவ்விரு மரபினரும் இன்றும் நம் பெருநகரங்களின் ஓரத்துப் பள்ளிகளில், தாம் எந்த மரபினர் என்றறியாமலே, விளங்குகின்றனர்.

பள்ளியை நாடுவோர் அதன் குணதோஷத்தைப் பலவாறு விசாரிப்பர். யாம் விசாரிப்பது ஒன்றே. முதல் நாளில் முதலில் கையில் தரப்படுவது யாது? பொறுப்பேதும் ஏலாமையைச் சிறு எழுத்தில் கூறும் காகிதமும், பலர் வியர்வையில் ஊறிய தலைக்கவசமும் ஆயின், அங்கே குதிரையின் முதுகில் சேணப்புண் இருத்தல் கூடும். அச்சேணம் காலையிலிருந்து இறக்கி வைக்கப்படாமலும் இருக்கும். புண்ணின்மேல் சேணம் அழுந்தக் காதை மடித்துக் கடிக்க வரும் குதிரையை ‘முரட்டுக் குதிரை’ என்று ஆசிரியர் அறிமுகப்படுத்தினால், கொடுத்த பணத்தைக் கேளாமலே திரும்பிவிடலாம். முதலில் தரப்படுவது மயிர் கோதும் தூரிகையாயின், கட்டணம் சற்று அதிகமாயினும் தயங்கவேண்டா. குதிரையின் பெயரைத் தெரிந்து, அதன் கழுத்தையும் விலாவையும் துடைத்து, காலைத் தூக்கச்செய்து குளம்பின் சேற்றைக் குத்தியெடுத்துப் பழகியவனுக்கு, ஏறாமற்போன அந்த முதல் நாளே ஏறிய பல நாட்களினும் சிறந்ததென்று தோன்றுவது இயல்பு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம்: தட்சிணை பெறாதது எங்ஙனம் ஆசிரியராகும் என்பர். வியன்னா வீரர்கள் மண்டபத்துள் நுழையும்பொழுது சக்கரவர்த்தியின் படத்துக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வர். ஆனால் அவர்களுடைய நீள் அங்கியில் மறைவாகத் தைத்த பையிலுள்ள சர்க்கரைக்கட்டி, படத்துக்கு உரியதன்று. எனவே அவ்வாட்சேபம் நில்லாது.

பயிற்சி முடிவில் தரப்படும் அத்தாட்சிப் பத்திரத்தில் பள்ளி உரிமையாளரின் கையொப்பம் மட்டுமே காணப்படுவதால் குதிரையின் ஆசிரியத்துவம் ருஜுவாகவில்லை என்று வேறு சிலர் வாதிப்பர். குதிரையை இடப்பக்கத்திலிருந்து நடத்திச் செல்லும் வழக்கத்தால், அதன் முத்திரை பெரும்பாலும் மாணாக்கனின் வலக்கால் பெருவிரலில் பதிந்திருக்கும். வேண்டுவோர் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.