குழு கலைவது ஏன்?

கேள்வி: சிறிய ராக் இசைக்குழுக்கள் மளமளவென வளர்ந்து சட்டெனக் கலைந்துவிடுகின்றனவே, ஏன்?
- ஒரு வாசகர், குடுமியான்மலை

பதில்: இத்தகைய குழு பெரும்பாலும் கல்லூரி விழாவில் பிறக்கிறது. இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். ஒத்திகைக்கு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி. முதல் கைத்தட்டலை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். முதல் காசோலை வந்ததும் கணக்கு தொடங்கும். பாட்டின் ராயல்டி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் போகும். டிரம்ஸ்காரருக்குக் கச்சேரிச் சம்பளமும் கைவலியும் மிச்சம்.

தமிழ்நாட்டில் கோடம்பாக்கமும் ஒரு காரணம். சென்னையின் 'லா பொங்கல்' குழுவில் இசைத்த அந்தோணி தாசனும் பிரதீப் குமாரும் சினிமாப் பாடகர்களாகப் பெயர் பெற்றனர்; தர்புகா சிவா 2016இல் 'கிடாரி'க்கு இசையமைத்தார். குழு மெலியச் சண்டையே வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் தேதி கிடைக்காவிட்டால் போதும்.

பெரிய குழுக்களும் தப்பவில்லை. 1967இல் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இறந்தபின், பீட்டில்ஸில் வரவுசெலவை யார் பார்ப்பது என்ற தகராறு முற்றியது. நால்வரும் 1962 முதல் எட்டு ஆண்டு சேர்ந்து வாசித்தார்கள். 1970இல் பிரிந்தபின் சட்டப்படி கணக்குத் தீர 1975 ஆகிவிட்டது.

மருந்து, முன்கூட்டியே எழுதிவைப்பது. அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு, தன் பாடல்களை உறுப்பினர் அனைவர் பெயரிலும் பதிந்து, 1980 முதல் 2011 வரை தாக்குப்பிடித்தது. எழுதிவைப்பதில் குடுமியான்மலை இன்னும் மூத்தது. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழு ராகங்களின் சுரங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ருத்திராசாரியாரின் சீடரான அரசர் ஒருவர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்ற குறிப்பும் கல்லிலேயே இருக்கிறது. ஆகவே பங்கு கேட்டு யாரும் வரவில்லை.