தெருவை அடைக்கும் இரும்புத் தொட்டி

கேள்வி: இங்கிலாந்தில் பக்கத்து வீட்டு மராமத்துக்காக வந்த ‘ஸ்கிப்’ தொட்டி தெருவை அடைத்து நின்றால், அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

பதில்: உடைத்த செங்கல், பெயர்த்த ஓடு, பழைய மரச்சட்டம் எல்லாவற்றையும் அள்ளிப்போட வாடகைக்கு வரும் இரும்புத் தொட்டி அது. வீட்டு வளாகத்துக்குள் நின்றால் சாலை அனுமதி தேவையில்லை. சாலையில் இறங்கினால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு வந்து நிற்கும். உள்ளூர் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். இருட்டியபின் விளக்கு எரிய வேண்டும். தொட்டியின் மேல் உரிமையாளரின் பெயரும், தொலைபேசி எண்ணோ முகவரியோ அழியாதபடி எழுதியிருக்க வேண்டும். நிரம்பியதும் தாமதமின்றி அகற்ற வேண்டும்.

முதலில் மேஸ்திரியிடம் பேசுவதே நல்லது. பாதி வழக்கு அங்கேயே தீரும். அசையாவிட்டால் தொட்டியில் உள்ள எண்ணை அழைக்கலாம், அடுத்து கவுன்சிலுக்கு எழுதலாம். அனுமதி பெற்ற தொட்டியைக்கூட நகர்த்தச் சொல்ல 140ஆம் பிரிவு நெடுஞ்சாலைத் துறைக்கும் காவலருக்கும் அதிகாரம் தருகிறது.

அக்கம்பக்கத்தாருக்கும் கட்டுப்பாடு உண்டு. ராவோடு ராவாகத் தன் வீட்டுப் பழைய மெத்தையை அதில் திணிப்பது அநியாயம். தொட்டிக்குப் பணம் கட்டியவர் வேறொருவர். விளிம்புக்கு மேல் குவிந்தால் லாரிக்காரர் ஏற்ற மறுப்பார். டயர், குளிர்பதனப் பெட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றைப் போட்டால் தண்டச் செலவும் பணம் கட்டியவர் தலையில்தான். உள்ளே கிடக்கும் நல்ல பலகையைக் கேட்காமல் எடுப்பதும் திருட்டாகலாம். கேட்டு எடுங்கள்.